தூங்கி எழுந்த கோபம்

"நேத்து நடந்த மாதிரி ஞாபகம் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? நம்பிவிடுகிறோம். குடும்பச் சண்டையோ, சொத்துத் தகராறோ, கோயில் கமிட்டிப் பிரச்சனையோ, இந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரிதான். எதிரில் இருப்பவர் "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று மறுத்தால், ரெண்டு பேரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

என் கேள்வி இதுதான். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றால்? அப்போது யார் மீது கோபப்படுவது?

என்னை இப்படி யோசிக்க வைத்தது தத்துவப் புத்தகம் எதுவும் இல்லை. நான் படிப்பது மின்னியல் பொறியியல். சிக்னல் ப்ராசஸிங் பாடத்தில், தூங்கும் மனிதரின் ஈ.ஈ.ஜி. பதிவை எடுத்து அதில் கலந்திருக்கும் அலைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லி ஒரு அசைன்மெண்ட். மார்க்குக்காக ஆரம்பித்தது, கடைசியில் எங்கள் வீட்டுப் பிரச்சனை வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

தூக்கம் என்றால் ஓய்வு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மை. ராத்திரி போனை சார்ஜில் போட்டால் சார்ஜ் மட்டுமா ஏறுது? நமக்குத் தெரியாமலே படங்கள் பேக்கப் ஆகின்றன, ஆப் எல்லாம் அப்டேட் ஆகின்றன. மூளையும் அப்படித்தான், ராத்திரியில்தான் அதற்கு வேலை அதிகம்.

1924ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார்கள். ரெண்டே ரெண்டு மாணவர்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு சில நாள் தூங்க வேண்டும், சில நாள் விழித்திருக்க வேண்டும். அதே நேர இடைவெளிதான், ஆனால் தூங்கி எழுந்தபோது ஞாபகம் இருந்த அளவு விழித்திருந்தபோது இல்லை. தூங்கும்போது புதிதாக எதுவும் உள்ளே வராது, அதனால் பழையது கலையாது, அவ்வளவுதான் என்பது அன்றைய விளக்கம். தூக்கம் எதையும் செய்வதாக யாரும் நினைக்கவில்லை.

1953ல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த யாரையும், நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. 2008ல் இறக்கும்வரை அப்படித்தான். ஆச்சரியம் என்னன்னா, சின்ன வயது ஞாபகங்கள் பல போகவில்லை. அப்படின்னா புது நினைவு பதிவாகும் இடம் ஒன்று, பழைய நினைவு குடியிருக்கும் இடம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு அது எப்போது, எப்படிப் போகிறது?

பதிலின் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது. 1994ல் மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் என்ற இருவர் எலிகளின் ஹிப்போகேம்பஸில் நுண்ணிய மின்முனைகளை வைத்துப் பதிவு செய்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், பிறகு அது ஆழ்ந்து தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. ஓடிய பாதையின் வரிசையே தூக்கத்தில் பல மடங்கு வேகமாகத் திரும்ப ஓடுகிறது. எலி படுத்துக் கிடக்கிறது, அதன் மூளை பகலை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் போட்டுப் பார்க்கிறது!

எனக்குப் பிடித்த பகுதி இந்த அலைகளின் அமைப்பு. ஆழ்ந்த உறக்கத்தில் மூளைப் புறணியில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான மெதுவான பெரிய அலை. அதன் மேல் ஏறி வரும் நொடிக்கு ஏறக்குறைய 12 முதல் 15 துடிப்புகள் கொண்ட ஒரு சிறு கொத்து. அதற்குள்ளே ஹிப்போகேம்பஸிலிருந்து வரும், நொடிக்கு நூறு துடிப்புகளையும் தாண்டும் மிக வேகமான சிற்றலை. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று நேரம் தவறாமல் பொருந்தும்போதுதான் நினைவு இடம் மாறுகிறது என்று கருதுகிறார்கள். 2009ல் எலிகளுக்கு அந்தச் சிற்றலை எழும் நேரம் பார்த்து அதை மட்டும் கலைத்தார்கள். தூக்கம் கெடவில்லை, ஆனால் கற்ற வழி மனதில் சரியாகப் பதியவில்லை. பொறியியல் கண்ணோடு பார்த்தால் இது ஒரு சுத்தமான டிசைன். பாராட்டாமல் இருக்க முடியாது.

மனிதர்களிடமும் இதைச் சோதித்தார்கள். 2007ல் ஜெர்மனியில், அட்டைகளின் ஜோடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை ரோஜா வாசனையோடு கற்றுக்கொடுத்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் அதே வாசனையை மறுபடி கொடுத்தபோது, காலையில் 97 விழுக்காடு இடங்கள் ஞாபகம் இருந்தன. வாசனை கொடுக்காத இரவுக்குப் பிறகு 86 விழுக்காடு. வாசனை வந்ததே தூங்கியவருக்குத் தெரியாது. (தேர்வுக்கு முதல் நாள் ரூமில் ஊதுபத்தி ஏற்றலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: படிக்கும்போதும் அதே ஊதுபத்தி வேண்டும், முதலில் படிக்கவும் வேண்டும்.)

இதுவரை எல்லாம் நல்ல செய்திதான். சிக்கல் எங்கே என்றால், தூங்கும் மூளை எல்லாவற்றையும் ஒரே மாதிரி சேமிப்பதில்லை. அது தேர்ந்தெடுக்கிறது. 2011ல் நடந்த ஓர் ஆய்வில், எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள். பிறகு சிலருக்கு மட்டும் "இதில் டெஸ்ட் வரும்" என்று சொன்னார்கள். தூக்கத்தின் பலன் தெளிவாகக் கிடைத்தது அவர்களுக்குத்தான். "இது முக்கியம்" என்று பகல் ஒட்டிய லேபிளை ராத்திரி படிக்கிறது.

உணர்ச்சி அதைவிடப் பெரிய லேபிள். 2008ல் ஜெசிகா பெயின் குழுவினர் சில படங்களைக் காட்டினார்கள். சாதாரணத் தெரு, நடுவில் விபத்தில் நசுங்கிய கார் என்ற மாதிரி. பகல் முழுக்க விழித்திருந்தவர்களுக்குக் காரும் மங்கியது, தெருவும் மங்கியது. தூங்கி எழுந்தவர்களுக்குக் கார் அப்படியே நின்றது, தெரு மட்டும் மங்கியது. நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் ஜேபெக் படம் மாதிரி. கண்ணுக்கு அவசியம் இல்லாததை வெட்டி எறிந்துவிட்டு ஃபைலைச் சின்னதாக்கும். வெட்டியது திரும்பி வராது. திறந்து எடிட் செய்து மறுபடி சேமித்தால் மறுபடி கொஞ்சம் இழப்பு. நினைவிலும் இது நடக்கிறது. 2000ல் நியூயார்க்கில் எலிகளை வைத்துக் கரீம் நாடர் குழுவினர் காட்டியதன் சாரம், உறுதியாகிவிட்ட பயம்கூட நினைவுபடுத்தும்போது தற்காலிகமாக இளகுகிறது, அப்புறம் திரும்பவும் உறுதியாக்கப்பட வேண்டியிருக்கிறது என்பதுதான்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. தாத்தாவின் கருமக்கிரியை அன்று ராத்திரி நடந்தது. தாத்தாவைக் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பா. அப்பா சிங்கப்பூரில் வேலை, மாதா மாதம் பணம் அனுப்பினார். அன்று எல்லார் முன்னாலும் பெரியப்பா தன்னைப் பார்த்து, "காசு அனுப்பிட்டா மகன் ஆயிடுவியா?" என்று கேட்டதாக அப்பா சொல்கிறார். பெரியப்பாவோ, தான் அப்படிக் கேட்கவே இல்லை என்கிறார். வேறொரு சொந்தக்காரரிடம் பொதுவாக, "காசு மட்டும் போதாது, ஆள் வந்து உக்காரணும்" என்றுதான் சொன்னாராம். அத்தையைக் கேட்டால், ஹாலில் யாரும் எதுவும் பேசவில்லை, பேச்சு நடந்தது சமையலறையில், அப்போது நல்ல மழை என்கிறார். பாட்டிக்கு மழையே ஞாபகம் இல்லை.

போன விடுமுறையில் அப்பாவிடம் கேட்டேன். "அப்போ பெரியப்பா பக்கத்துல யார் இருந்தாங்கப்பா? உக்காந்திருந்தாரா, நின்னாரா? அதுக்கு முன்னாடி என்ன பேச்சு போச்சு?" எதற்கும் தெளிவான பதில் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும், குரல் ஏற்ற இறக்கத்தோடு, அப்படியே இருக்கிறது. நசுங்கிய கார் இருக்கிறது, தெருவைக் காணோம்.

இதற்குத் தூக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆய்வுகள் ஒரு ராத்திரியை அளந்தவை, நான் பேசுவது பதினோரு வருடத்தை. அந்தப் பதினோரு வருடத்தில் அப்பா எத்தனை தடவை அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்திருப்பார், எத்தனை ராத்திரி அதோடு படுத்திருப்பார்! என் அப்பா பொய் சொல்பவர் இல்லை. பெரியப்பாவும் இல்லை. ரெண்டு பேரிடமும் இருப்பது நேர்மையான நினைவு, அது இரவு தோறும் வேலை பார்க்கப்பட்ட நினைவு. நேர்மையாக நினைவு வைத்திருப்பது வேறு, நடந்ததை அப்படியே வைத்திருப்பது வேறு. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்பது என் மனதைப் பற்றிய உண்மை. உலகத்தைப் பற்றியது என்று அதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் மரபில் இதை யோசிக்காமல் விடவில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தில் மனதின் அலைகள் ஐந்து என்று பட்டியல் வருகிறது. அதில் நான்காவது உறக்கம், ஐந்தாவது நினைவு. உறக்கத்தை மன இயக்கமே இல்லாத நிலை என்று அவர் ஒதுக்கவில்லை, அதையும் ஓர் இயக்கமாகத்தான் சேர்க்கிறார். அதற்கு வியாச பாஷ்யம் சொல்லும் காரணம் எளிமையானது. நன்றாகத் தூங்கியதை எழுந்த பிறகு நினைவுகூர்கிறோம், ஏதோ ஓர் அனுபவம் இல்லாமல் அந்த நினைவு வராது. யோகிகளுக்கு ஈ.ஈ.ஜி. தெரியும் என்று நான் கதை விடப் போவதில்லை. அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அவர்கள் கேள்வி வேறு. ஆனால் அனுபவம் சம்ஸ்காரமாகப் படிகிறது, அது அடுத்த எண்ணத்தைத் தூண்டுகிறது, அந்த எண்ணம் மறுபடி படிகிறது என்ற சுழற்சியை அவர்கள் சொன்னபோது, அதில் "நான் தேர்ந்தெடுத்தேன்" என்ற இடம் ரொம்பச் சின்னது என்பதையும் சேர்த்தே கண்டார்கள். தூங்கும்போது வேலை செய்வது என் மூளைதான், ஆனால் "நான்" என்று யாரை நினைக்கிறேனோ அவர் அங்கே இல்லை.

இதை ஹாஸ்டலில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி கோபப்பட்டாள். நியாயமான கோபம். பள்ளியில் அவளுடைய நிறத்தைச் சொல்லி ரெண்டு வருடம் கிண்டல் செய்திருக்கிறார்கள். "நாளைக்கு அவன்கிட்ட போய்க் கேட்டா, 'நீ தப்பா ஞாபகம் வச்சிருக்கே, சயின்ஸே சொல்லுது'ன்னு சொல்லுவான். நீ அவனுக்கு வக்கீல் வேலை பார்க்கிறியா?"

ரெண்டு நாள் யோசித்தேன். முதலாவது, அந்த ஆய்வுகளின்படியே பார்த்தால் நன்றாக நிற்பது நடுவில் இருக்கும் விஷயம்தான். அவளை அழைத்த அந்தச் சொல்லும், அது வலித்ததும், ஒரு நாள் இல்லை, ரெண்டு வருடம் நடந்தவை. மங்குவது ஓரங்கள்: யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் சிரித்தார்கள், எந்த எண்ணத்தோடு சொன்னார்கள் என்பது. "சொன்னான்" என்பதில் அவள் உறுதியாக இருக்கலாம். "என்னை அழ வைக்கணும்னே திட்டம் போட்டுச் சொன்னான்" என்பதில்தான் கொஞ்சம் தயங்க வேண்டும். இந்தத் தயக்கத்தையும் அவள் தன் நினைவின் மீது தானே வைக்கலாம். அவன் எடுத்து அவள் நினைவின் மீது வைத்தால், அதற்குப் பெயர் தப்பிக்கும் வழி.

இரண்டாவது விஷயம் எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பையன் "எனக்கு ஞாபகமே இல்ல" என்று சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். அவளுக்கு அது பெரிய லேபிள் ஒட்டிய நாள். அவனுக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை. அவனுடைய மூளை அன்று ராத்திரி அதைக் குப்பையில் போட்டிருக்கும், பதிலாக ஃபுட்சால் ஸ்கோரைச் சேமித்திருக்கும். அடித்தவன் மறப்பதும் அடி வாங்கியவன் மறக்காததும் அவன் திமிர் பிடித்தவன் என்பதால் மட்டும் இல்லை. அதனால் அவன் குற்றம் குறைந்துவிடாது. மறந்துபோனது என்பதால் ஒரு செயல் செய்யாததாக ஆகிவிடுமா? என் ஞாபகத்தில் இல்லாத ஒன்றுக்கு நான் பொறுப்பு ஏற்க வேண்டிய நேரம் வரலாம். "எனக்கு நினைவில்லை, ஆனால் நீ சொல்வதை நான் கேட்கிறேன்" என்று சொல்வதற்கு நிறைய மனசு வேண்டும். பெரியப்பா இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் பதினோரு வருடம் இப்படிப் போயிருக்காது என்று நினைக்கிறேன். அப்பாவும் "நீ பொய் சொல்றே" என்பதை விட்டிருந்தால்.

அப்படியானால் ராத்திரி நடப்பதற்கு நாம் பொறுப்பே இல்லையா? தூக்கத்துக்குள் இல்லை. ஆனால் லேபிள் ஒட்டும் வேலை பகலில் நடக்கிறது, அதில் கொஞ்சம் நம் கையில் இருக்கிறது. 2016ல் சீனாவில் மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், வேதனையான படங்களின் நினைவை அடக்கப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்து அரை மணி நேரம் ஆன நினைவைவிட, ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு அடக்குவது கடினமாக இருந்தது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டு விலகும் முன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும், அதனால் சீக்கிரம் படுக்க வேண்டும். சண்டை போட்ட பிள்ளைகளை ஒரே பாயில் படுக்க விடுவதற்கு முன் திருநீறு பூசி, ரெண்டு வார்த்தை பேச வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாராம். காரணம் கேட்டால் "காலையில எனக்கு நேரம் இல்ல" என்பார். நாமோ ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவருக்குப் பதிலடி டைப் செய்துவிட்டு, அதே சூட்டோடு போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறோம்.

இதற்காக எல்லாக் கோபத்தையும் படுக்கும் முன் கழுவிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அநியாயத்தைப் பார்த்த கோபம் காலையிலும் இருக்கட்டும். எது அப்படிப்பட்ட கோபம், எது என் தன்மானத்தில் பட்ட கீறல் என்பதை விழித்திருக்கும்போதே பிரித்துப் பார்த்தால் போதும்.

சரி, ஒரு இயந்திரம் வந்தால்? தூங்கும்போது காதில் மெல்லிய ஒலி கொடுத்து நினைவுகளை மாற்ற முடியுமா என்று நிஜமாகவே முயற்சி நடக்கிறது. 2015ல் அமெரிக்காவில், இனம், பாலினம் பற்றிய மறைமுகத் தப்பெண்ணங்களைத் தூக்கத்தில் ஒலி கொடுத்துக் குறைத்ததாக ஓர் ஆய்வு வந்தது. 2019ல் வேறு குழு செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2021ல் ஒரு பீர் நிறுவனம் மக்களின் கனவுக்குள் விளம்பரத்தைக் கொண்டுபோகப் பார்த்தது. அதை எதிர்த்து ஏறக்குறைய 40 ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தூங்குபவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, எதிர்ப்புக்கு அது ஒன்றே போதும். ஆனால் நானே சம்மதித்துக் கேட்டால்? ஒரு கோபத்தை எடுத்துவிடச் சொல்லி நானே அந்த ஒலியைப் போட்டுக்கொண்டால் என்ன தப்பு?

அப்பாவிடம் இதையும் கேட்டேன். "அந்த மாதிரி ஒண்ணு வந்தா, பெரியப்பா மேல இருக்கற கோபத்தை எடுத்துடச் சொல்லுவீங்களா?"

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம். கோபம் போயிட்டா, நாளைக்கு அண்ணன் வந்து பேசினா நான் எதை மன்னிக்கறது?"

நான் எழுதி வைத்திருந்த எந்த வாதத்தையும்விட இது நல்ல வாதம். மறப்பது தானாக நடப்பது. மன்னிப்பதற்கு மன்னிக்க வேண்டியது கையில் இருக்க வேண்டும், அதன் எடை தெரிய வேண்டும். இயந்திரம் அதைப் பிடுங்கிக்கொண்டால் அப்பாவிடம் மிஞ்சுவது சமாதானம் இல்லை, வெறும் காலி இடம். ஆனால் அப்பாவின் பேச்சில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையில் இருப்பது நடந்த அதே விஷயம்தானா என்று தெரியாமலேயே பதினோரு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதைச் சொன்னேன். "உனக்கு அன்னிக்குப் பத்து வயசு, உனக்கு என்ன தெரியும்" என்றார். அதுவும் உண்மை. எனக்கு அந்த ராத்திரியைப் பற்றி ஞாபகம் இருப்பது, யாரோ கொடுத்த ஆரஞ்சு மிட்டாய் மட்டும்தான்.

இந்தத் தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அத்தை மட்டும் முறுக்கு மாவை ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து அரைக்கக் கொடுத்திருக்கிறார்.